குறைந்த சம்பளம், பெரிய ஊர்: வாசகர் கேள்வி பதில்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைப் பேசுகின்றன: சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, சம்பளமோ கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிறது, அப்புறம் இந்த ஊரை அனுபவிப்பது எப்படி? ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இதற்கே முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐயா, தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 21,000 ரூபாய். வேளச்சேரியில் விடுதிக்குச் சாப்பாட்டோடு 8,000, வீட்டுக்கு 7,000, தம்பியின் படிப்புக்காகப் போடும் சீட்டுக்கு 2,000 போக மீதியில்தான் மற்றதெல்லாம். இரண்டு வருடங்களில் நான் பார்த்த சென்னை, அலுவலகமும் விடுதியும் ஒரு மாலும்தான். போன மாதம் தோழிகளோடு அந்த மாலுக்குப் போனதில் சட்டை, ஐஸ்கிரீம் என்று 900 ரூபாய் செலவாகிவிட்டது; ஒரு வாரம் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் சந்தோஷமாக இருக்க வழி உண்டா? – வாசகி, வேளச்சேரி.

பதில்: உறுத்தலிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீட்டும் கட்டிவிட்டு, மிஞ்சிய பணத்தில் ஒரு நாள் சிரித்துவிட்டு வந்ததற்காக ஒரு வாரம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் ஒரு திருத்தம் செய்யலாம். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டுவைக்கும் பணம் ஒருநாளும் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே 500 ரூபாயை எடுத்துத் தனிப் பர்சில் போட்டு, அது ஊர் பார்க்கிற பணம் என்று முடிவு செய்துவிடுங்கள். அனுமதித்துக்கொண்டு செய்யும் செலவு உறுத்தாது.

அடுத்து, அந்த 900 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது என்ன என்று யோசித்துப் பாருங்கள். மூன்று தோழிகள் மூன்று மணி நேரம் வெயில்படாமல் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். சட்டையும் ஐஸ்கிரீமும் அந்த இடத்துக்குக் கொடுத்த வாடகை. இந்த ஊரில் அதே இடம் காசில்லாமலும் கிடைக்கும். ஆனால் எல்லா நேரத்திலும் கிடைக்காது, ஏனென்றால் சென்னை நேரம் பார்த்து விலை சொல்லும் ஊர். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மெரினாவுக்குப் போனால் ஆட்டோ, பஜ்ஜி, பலூன், நெரிசல் என்று கை காலியாகிவிடும். அதே மெரினாவுக்குக் காலை ஐந்தேமுக்காலுக்குப் போய்ப் பாருங்கள். சூரியன் வரும் நேரத்தில் வலை இழுக்கிறவர்களையும், சட்டையைக் கழற்றிவிட்டு மணலில் தண்டால் எடுக்கிற பெரியவர்களையும், கண்ணை மூடி நிற்கிறவர்களையும் பார்த்துவிட்டு, ஒரு சுக்குக் காப்பியோடு திரும்பிவிடலாம்.

உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பக்கம் ரோஸ் நிறம் பூசிய வண்டிகள் அவைதாம். அதைவிட, நீங்கள் குடியிருப்பது பறக்கும் ரயிலின் தடத்தில். கடற்கரையிலிருந்து திருமயிலை வரை 1997இல் ஓடத் தொடங்கி, பத்து ஆண்டு கழித்து உங்கள் வேளச்சேரியைத் தொட்ட பாதை அது. ஐந்து, பத்து ரூபாயில் பயணச்சீட்டு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பெட்டி காலியாக இருக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருமுறை கடைசி வரை போய் வாருங்கள். கீழே பக்கிங்ஹாம் கால்வாய், மொட்டை மாடிகளில் வடகம் காயப்போட்டவர்கள், சேப்பாக்கத்தில் நடைமேடைக்கு அருகிலேயே கிரிக்கெட் மைதானம் என்று ஊரின் முதுகுப்பக்கம் முழுவதும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை பூங்கா நகர் வரை போய், இறங்கி நடந்து, மின்சார ரயிலில் ஒரே நிறுத்தம் தள்ளியிருக்கும் எழும்பூருக்குச் செல்லுங்கள். பாந்தியன் சாலையில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. ஒரு காப்பியின் விலையைத் தாண்டாத கட்டணம்தான். மொத்தத்தையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டுக் கால் வலியோடு திரும்புகிறவர்களே அதிகம்; நீங்கள் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு மட்டும் போங்கள். அங்கே திருவாலங்காட்டு நடராசரைத் தேடிப் பிடித்து, எதிரே பத்து நிமிடம் நில்லுங்கள். அவரைச் சுற்றியிருக்க வேண்டிய தீச்சுடர் வளையம் இப்போது இல்லை. அதனாலேயே ஊன்றிய காலின் மடிப்பும், தூக்கிய காலின் லேசான வீச்சும், இரண்டுக்கும் நடுவே உடல் எப்படிச் சாயாமல் நிற்கிறது என்பதும் துல்லியமாகத் தெரிகின்றன. 1913இல் பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இந்த அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே மெய்மறந்து எழுதினார். அவருக்குக் கிடைத்தவை புகைப்படங்கள் மட்டும். உங்களுக்கு மூலச் சிலையே கிடைக்கிறது, அதுவும் மின்விசிறிக்குக் கீழே.

கேள்வி: கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. கிண்டிக்கு அருகில் ஓர் அறைக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள்; கூடுவாஞ்சேரியில் 6,500க்குக் கிடைக்கிறது. எது நல்லது? – வாசகர், மதுரை.

பதில்: வாடகையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். கூடுவாஞ்சேரியும் கிண்டியும் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கின்றன. மாதாந்திரச் சீசன் டிக்கெட் எடுத்தால் பயணச் செலவு சில நூறு ரூபாயில் அடங்கும். ஆகவே கூடுவாஞ்சேரி மோசமில்லை. ஆனால் உங்கள் அறைக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நேரில் நடந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். “ஸ்டேஷனிலிருந்து அஞ்சு நிமிஷம்” என்று தரகர் சொல்வது மோட்டார் சைக்கிளின் ஐந்து நிமிடம். ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது என்று வைத்தால், 26 வேலை நாளுக்கு 1,040 ரூபாய். அதோடு இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த ஷேர் ஆட்டோ வருமா என்பது தனிக் கேள்வி. வராத ஊரில் குடியிருந்தால், மாலை ஆறு மணிக்குப் பிறகு இந்த நகரத்தில் நடக்கும் எதற்கும் நீங்கள் போக மாட்டீர்கள். 5,500 ரூபாய் மிச்சம் பிடித்து, ஊரையே கைவிட்டதாக ஆகிவிடும்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே, குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய இடங்களில், நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இன்னொருவரோடு சேர்ந்து ஓர் அறை பாருங்கள் என்பேன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. முழுத் தூரத்துக்கும் கட்டணம் பத்து ரூபாய்தான். சென்னையில் குறைந்த சம்பளக்காரர்களை இத்தனை காலம் தாங்கிப்பிடித்து வந்திருப்பது இந்த ரயில் என்று சொன்னால் மிகையாகாது. பார்க்கப் போகும்போது கோடையில் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்காமல், பக்கத்துப் போர்ஷன்காரரைக் கேளுங்கள். அட்வான்ஸ் விஷயத்திலும் பேரம் பேசலாம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாளைய பழக்கம். ஆனால் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. சட்டத்தைச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கக்கூடும், ஆனாலும் ஐந்து மாத வாடகை என்று சமரசம் ஆகிவிடும். கடிதம் எழுதிய பெண்களுக்கு ஒரு குறிப்பு: தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் பணிபுரியும் மகளிருக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன, முதலில் அங்கே இடம் கேட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

நானே இந்த ஊருக்கு வந்தபோது திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், எட்டுக்குப் பத்து அறையில் இருவராக இருந்தேன். காலை ஒன்பது மணி ஆனால் நிர்வாகி மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். வேலைக்குப் போகாதவனுக்குக் காற்று எதற்கு என்பது அவர் கட்சி. அந்தக் கோபத்தில்தான் விடுமுறை நாட்களில் வெளியே கிளம்பி, ஊரைக் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: சமையல் வசதி இல்லாத அறை. சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 9,000 ரூபாய் போகிறது. நல்ல சாப்பாட்டை விட்டுவிடவும் மனமில்லை. – வாசகர், அம்பத்தூர்.

பதில்: நீங்கள் அனுப்பியிருக்கும் கணக்கைப் பார்த்தேன். 9,000இல் ஏறக்குறைய பாதி, கைப்பேசியில் சொல்லி அறைக்கே வரவழைத்தது. உணவின் விலைக்கு மேலே கொண்டுவரும் கூலி, பொட்டலக் கூலி, வரி எல்லாம் சேர்ந்து அறுபது ரூபாய்த் தோசை நூற்றுப்பத்து ஆகிவிடுகிறது. வந்து சேரும்போது அது தோசையாகவும் இருப்பதில்லை. இதை நிறுத்தினாலே போதும். வேறு சிக்கனம் எதுவும் வேண்டாம்.

மதியத்துக்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸைப் பிடித்து மாதக் கணக்கு வையுங்கள். முழுச் சாப்பாடு வேண்டாம். அளவுச் சாப்பாடே போதும். மூன்று மணிக்குத் தூக்கம் வராது. கையில் காசே இல்லாத கடைசி நாட்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று விலை வைத்தார்கள். அங்கே போவதற்குக் கூச்சப்படுகிறவர்களின் கடிதங்களும் வந்திருக்கின்றன. சுமை தூக்குகிறவரும் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவரும் ஒரே வரிசையில் நிற்கிற இடத்தில் கூச்சத்துக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. பழத்துக்கு மாதம் இரண்டுமுறை கோயம்பேட்டுக்குப் போய் வாருங்கள். மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் உங்கள் தெருக்கடையின் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பேருந்துச் செலவைத் தாண்டிவிடும்.

நல்ல சாப்பாடு என்றீர்கள். மாதம் ஒருநாள் மாலை கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, எதிரே பர்மா பஜாரைத் தாண்டிப் பின்தெருவுக்குப் போங்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ அங்கே வண்டிகளில் கிடைக்கும். ஆரஞ்சு நிற நூடுல்ஸைப் பெரிய கிண்ணத்தில் அள்ளிப் போட்டு, துருவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, மிளகாய்த் தூள், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்காரர் கையாலேயே பிசைவார். பக்கத்தில் ஆவி பறக்கும் வாழைத்தண்டு சூப்பைக் கேட்காமலே ஊற்றுவார். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயத்தை அடைத்துப் புளித்தண்ணீர் விட்டுத் தருவதையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடித்தால் சட்டை பாழாகும். குளிர்சாதன உணவகத்தில் இருவர் சாப்பிடும் செலவில் இங்கே நண்பர்கள் நான்கைந்து பேரைக் கூட்டிப் போய் உபசரிக்கலாம்.

கேள்வி: வாரம் ஒரு சினிமா பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிக்கனமாகப் பார்க்க என்ன வழி? – வாசகர், வடபழனி.

பதில்: மாதம் ஒரு படம் பாருங்கள். மற்ற வாரங்களில் நுங்கம்பாக்கத்து அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற பண்பாட்டு மையங்களில் இலவசமாகத் திரையிடும் படங்களுக்குப் போய்ப் பழகுங்கள். இடைவேளையில் பாப்கார்ன் கிடையாது. உங்கள் கணக்கில் டிக்கெட்டைவிட அதுதான் பெரிய செலவு என்பதைக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: புத்தகப் பைத்தியம் நான். மாதம் ஒரு புத்தகம் வாங்குவதே பாரமாக இருக்கிறது. – வாசகர், சைதாப்பேட்டை.

பதில்: சைதாப்பேட்டையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! கோட்டூர்புரம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்களோடு அங்கே நிற்கிறது. உள்ளே போகவும் உட்கார்ந்து படிக்கவும் பணம் வேண்டாம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கும் தனிக் கூடம் உண்டு. 2011இல் அதை மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவிப்பு வந்து, வழக்கு நடந்து, உயர்நீதிமன்றம் தடுத்த கதையை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு, அங்கே ஒரு நாற்காலியில் உட்காருவதே ஒரு திருப்தி. எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கும் கன்னிமாரா நூலகம் 1896இலிருந்து இயங்குகிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று என்பதால், கடையில் அச்சில் இல்லை என்று கைவிரித்த தமிழ்ப் புத்தகத்தை அங்கே கேட்டுப் பாருங்கள்.

சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பழைய புத்தகம் வாங்குங்கள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போனதோடு அந்தக் கலாச்சாரம் அழிந்துவிட்டது என்று என் வயதுக்காரர்கள் புலம்புவார்கள்; அது பாதி உண்மைதான். திருவல்லிக்கேணி பாரதி சாலையிலும், மயிலாப்பூர் லஸ் முனையிலும் இன்றும் பழைய புத்தகங்கள் கிடைக்கின்றன. முதலில் விலை கேட்காதீர்கள். மூன்று புத்தகங்களை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு, மொத்தத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு, நடுவிலிருக்கும் ஒன்றைத் திரும்ப வைப்பதுபோலக் கையை நீட்டுங்கள். ஜனவரியில் 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி வழக்கம். மாதம் 100 ரூபாய் ஒதுக்கி வைத்தால், 1,200 ரூபாயோடு தலைநிமிர்ந்து போகலாம்.

கேள்வி: ஆறு வயது மகன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாலில் இருக்கும் விளையாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் ஆகிறது. எங்களால் முடியவில்லை. – வாசகி, மேடவாக்கம்.

பதில்: மாலுக்கு மாற்றாக வேறோர் இடத்தை உடனே காட்டினால் அவன் ஏற்க மாட்டான், குழந்தைகள் ஒப்பிட்டுப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். முதலில் வண்டியைக் காட்டுங்கள். மின்சார ரயிலில் ஓட்டுநரின் அறைக்கு அடுத்த பெட்டியில் ஏறி, எதிர்த்தடத்தில் வரும் வண்டிகளை எண்ணச் சொல்லுங்கள். பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்துக்கு அருகே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி இன்ஜினின் சக்கரம் தன்னைவிட உயரமாக இருப்பதை அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு முழுப் பகுதி உண்டு. அதற்கு அருகிலேயே பிர்லா கோளரங்கம் இருக்கிறது, இருட்டுக் கூரையில் நட்சத்திரங்களைக் காட்டித் தமிழிலும் கதை சொல்வார்கள். கிண்டியில் குழந்தைகள் பூங்காவும், 1972 முதல் இருக்கும் பாம்புப் பண்ணையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. மேடவாக்கத்திலிருந்து இவை எல்லாம் ஒரே திசையில் வருவது உங்கள் அதிர்ஷ்டம்.

ஓர் எச்சரிக்கை. ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள். களைத்த குழந்தையோடு மாலை ஐந்து மணிக்குச் சாலையில் நின்றால், எந்த விலை சொன்னாலும் ஆட்டோவில் ஏறிவிடுவீர்கள். காலையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். புளிசாதமும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: நீங்கள் எழுதுவதையெல்லாம் படிக்கிறேன். நூலகம் கோட்டூர்புரத்தில், சபா மயிலாப்பூரில், ஓவியக் கூடம் கிரீம்ஸ் சாலையில். வடசென்னைக்காரனுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? – வாசகர், திருவொற்றியூர்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அரசும் செல்வந்தர்களும் நூறாண்டுக்கும் மேலாகக் கலைக்கென்று கட்டிய கட்டடங்களில் பெரும்பாலானவை கூவத்துக்குத் தெற்கே அல்லது அதன் கரையில்தான் நிற்கின்றன. மெட்ரோ ரயில் 2015இல் ஓடத் தொடங்கியது. உங்கள் பக்கத்து விம்கோ நகருக்கு வந்தது 2021 பிப்ரவரியில். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் முடிகிறது. அதைப்போல உங்கள் பகுதிக்கு இன்னும் பத்து வேண்டும்.

ஆனாலும் கட்டடம் இல்லாததால் ஊர் இல்லை என்று ஆகிவிடாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது உங்கள் ராயபுரத்திலிருந்து. அந்த நிலையத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பாரிமுனைக்கு வந்தால் அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தெருவின் இரைச்சல் கதவைச் சாத்தினாற்போல் நின்றுவிடும். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794இல் இந்தச் சென்னையில் நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அங்கேதான். காசிமேட்டில் விடியும் முன்னே நடக்கும் மீன் ஏலத்தைப் பார்க்க மயிலாப்பூர்க்காரர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்கு அது பக்கத்து வீடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது போய் ஏமாறாதீர்கள். துணிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கும்போது தி.நகர் நெரிசலில் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? மாலையில் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பிள்ளைகள் பந்தாடுவதைச் சுவரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். நான் காசு கொடுத்துப் பார்த்த ஆட்டங்களில் பல அந்த வேகத்தில் பாதிகூட இல்லை.

தெற்கே போக வேண்டியவற்றுக்குப் போகத்தான் வேண்டும். மாதம் 1,000 ரூபாய்க்கு விருப்பம்போல் பயணம் செய்யும் மாநகரப் பேருந்துப் பாஸ் எடுத்திருந்தால், ஒவ்வொரு பயணத்துக்கும் காசு எண்ண வேண்டியதில்லை. ஆகஸ்டு 22ஐ ஒட்டிச் சென்னை தினம் கொண்டாடும் வாரத்தில் ஊரின் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிச் சென்று வரலாறு சொல்வார்கள். அவற்றில் பல இலவசம். பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் பூங்காக்களுக்கும் மைதானங்களுக்கும் வருகின்றன. அதற்கும் கட்டணம் இல்லை.

கேள்வி: மார்கழிக் கச்சேரிக்குப் போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. டிக்கெட் விலையைக் கேட்டால் பயமாக இருக்கிறது. இலவசமாகவும் கேட்கலாம் என்கிறார்கள். எனக்கு ராகம் எதுவும் தெரியாது. பட்டுப் புடவை கட்டிய கூட்டத்தில் போய் உட்காரக் கூச்சமாகவும் இருக்கிறது. – வாசகி, ஆவடி.

பதில்: பட்டுப் புடவைகள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் வருகின்றன. நீங்கள் மதியம் போங்கள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் பிறகு சபாக்கள் பெருகிப் பெருகி, இன்று டிசம்பரில் காலையிலிருந்து இரவு வரை மேடை காலியாக இருப்பதே இல்லை. மாலைக் கச்சேரிகளுக்குத்தான் பெரிய டிக்கெட். பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பாடுகிறவர்கள் இளைஞர்கள். பல சபாக்களில் அந்தக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை, யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். செய்தித்தாளில் அன்றைய நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம்.

நான் முதன்முதலாகப் போனதும் அப்படித்தான், மேன்ஷன் நிர்வாகி மெயின் சுவிட்சை அணைத்த ஒரு பகலில். அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய வலது கை மட்டும் தொடையில் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. மேடையில் பாடிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பாட்டின் ஒரே வரியை வேறுவிதமாக இழைக்கும் ஒரு சங்கதியை மூன்றாவது தடவை பாடும்போது அது சரியாக விழுந்துவிட்டது போலிருக்கிறது, வயலின்காரர் தலையசைத்தார், அந்தப் பெண் ஒரு கணம் குழந்தையைப் போலச் சிரித்துவிட்டாள். எனக்கும் ராகம் தெரியாது. அந்தச் சிரிப்புக்காக மறுநாளும் போனேன்.

ஆவடியிலிருந்து காலை வண்டியில் சென்ட்ரல் வந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துத் திருமயிலையில் இறங்குங்கள். கேன்டீனுக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் அங்கே இலைச் சாப்பாடு மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காப்பி குடித்துவிட்டு, வாழைப்பூ வடை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு சால்வை எடுத்துப் போங்கள். நடுவே கிளம்ப வேண்டியிருந்தால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போது எழுந்து போகலாம். பாட்டு நின்று மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் காப்பிக்குக் கிளம்புவது வழக்கம். நீங்கள் மட்டும் எழாதீர்கள். மதிய வேளையில் முப்பது பேர்தான் இருப்பார்கள், யார் எழுந்து போனது என்பது அவருக்குத் தெரியும்.